கும்மிடிப்பூண்டி யாத்திரை

காசி யாத்திரை போனவர்கள் உண்டு. ராமேசுவர யாத்திரை போனவர்களும் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு யாத்திரை போனதாக யாராவது சொன்னால், கேட்பவர்கள் அவருடைய முகத்தைச் சற்று உற்றுப் பார்ப்பார்கள். அந்த ஊருக்கு ஜனங்கள் வேலைக்குப் போகிறார்கள். இரும்புக் கம்பி வாங்கப் போகிறார்கள். தொழிற்சாலைக் கணக்கைச் சரி பார்க்கப் போகிறார்கள். புண்ணியம் தேடிப் போனவர் எவரையும் நான் கண்டதில்லை. சென்ற மாதம் நான் போனதும் புண்ணியம் தேடி அல்ல. ஆனால், ஒரு பாவக் கணக்கைத் தெரிந்துகொண்டு திரும்பினேன். அதைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருஷ காலம் ஒரு தினசரிப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்நிய நாட்டுச் செய்திகளும் யுத்தச் செய்திகளும் என் மேஜைக்குத்தான் வரும். குவைத், யூகோஸ்லாவியா, ஆப்கானிஸ்தானம், ஈராக், இலங்கை ஆகிய இத்தனை தேசத்து யுத்தங்களையும் நாற்காலியை விட்டு எழுந்திராமலே நடத்தி முடித்தவன் என்று பெருமை அடித்துக் கொள்ளலாம். பீரங்கிச் சத்தத்தை நான் கேட்டதில்லை. என் காதுக்கு எட்டிய வெடிச் சத்தமெல்லாம் தீபாவளியன்று தெருவில் வெடித்ததுதான். யுத்த நிருபராக வேண்டும் என்று வாலிபத்தில் ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசை குடும்பம், வீட்டுக் கடன், முழங்கால் வலி என்ற மூன்று எதிரிகளிடம் வரிசையாகத் தோல்வியுற்றது.

இப்படியிருக்கையில், எங்கள் வீட்டுக்கு வர்ணம் பூச நாலு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவருடைய தமிழ் என் காதுக்குத் தனி இனிமையாக இருந்தது. விசாரித்ததில், கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவர் என்று தெரிந்தது. அலமாரியில் இருந்த பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"ஐயா பேப்பரிலயோ வேலை செய்தனீங்கள்? எங்கட அப்பா கேட்டால் சந்தோஷப்படுவார். அவருக்குச் சோறு இல்லாட்டியும் பரவாயில்லை, செய்தி வேணும்."

அந்தப் பெரியவரைப் பார்த்துவர வேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன்.

இரண்டு இருப்புப் பாதைகள்

சென்னை சென்ட்ரலை அடுத்துள்ள மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் போகிறது. தூரம் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். புறப்பட்ட சில நிமிஷங்களில் பேசின் பிரிட்ஜ் வருகிறது. அங்கே இருப்புப் பாதை பிரிகிறது. ஒன்று மேற்கே திரும்பித் திருவள்ளூர், அரக்கோணம் வழியாகப் பம்பாய்க்குப் போகிறது. மற்றொன்று வடக்கே திரும்பிக் கும்மிடிப்பூண்டி, கூடூர் வழியாகக் கல்கத்தாவுக்குப் போகிறது. 1997-இல் உண்டான திருவள்ளூர் ஜில்லா இந்த இரண்டு பாதைகளையும் இரண்டு கைகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. சென்னைவாசி உலகத்தைப் பார்க்கப் புறப்பட்டால், இந்த இரண்டில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் போக வேண்டியிருந்தது.

உலகம் நம்மைப் பார்க்க வந்ததும் உண்டு. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் ஐந்தாந் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை கலகலத்துப் போயிற்று. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டுக்கு ஓடினார்கள். அப்போது கேட்டவர் கேட்டதையெல்லாம் நம்பினார்கள். நம்பகமான செய்தி கிடைக்காத இடத்தில் வதந்திதான் பத்திரிகை நடத்தும்.

அந்தக் காலத்தில் நமக்கு அந்நிய தேசச் செய்தி எப்படிக் கிடைத்தது? பெரும்பாலும் ராய்ட்டர் தந்தி மூலமாகத்தான். 1904-ஆம் வருஷக் கடைசியில் சுப்பிரமணிய பாரதியார் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். இங்கிலீஷ் செய்திகளைத் தமிழில் எழுதுவது அவருடைய அலுவல். ருஷியாவுக்கும் ஜப்பானுக்கும் அப்போது மகா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யாரோ அனுப்பிய தந்தியை வைத்துக்கொண்டு, உலகத்தை நம் கண்ணால் பார்க்கப் பழக்க வேண்டியிருந்தது. மேஜையிலிருந்தே யுத்தம் நடத்தியவர்களில் அவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். ஆனால் தந்தி, எழுதியவனுடைய கண்ணோடுதான் வரும். சோற்றை மாற்றிப் பரிமாறலாம்; உலையில் போட்ட அரிசியை மாற்ற முடியுமா?

கல்கத்தா பாதையில் ஒருவர்

இரண்டாவது உலக யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அப்போதுதான் நம்மவர்கள் சிலர் யுத்த நிருபர்களாகப் போர்க்களத்துக்குப் போனார்கள். யுத்த நிருபர் என்றால் கையில் துப்பாக்கி கிடையாது. உடுப்பு மட்டும் ராணுவ உடுப்பு. எழுதியதைத் தணிக்கை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் அடித்தது போக மிஞ்சியதுதான் ஊருக்கு வந்து சேரும்.

சென்னை 'ஹிந்து' பத்திரிகையின் நிருபர் டி. ஜி. நாராயணன் அவர்களில் ஒருவர். பர்மா எல்லையில் நடந்த யுத்தத்தைப் பற்றி எழுதினார். ஆனால், அவரை நாம் முக்கியமாக நினைக்க வேண்டியது பீரங்கி இல்லாத ஒரு போர்க்களத்துக்காக. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. அதற்கு முந்திய வருஷம் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. எதிரி வந்தால் உபயோகப்படுத்திவிடக் கூடாதென்று சர்க்கார் கிராமத்துப் படகுகளைப் பறித்துக்கொண்டது. அக்டோபரில் மிதுனபுரி ஜில்லாவைப் புயல் அழித்தது. அரிசி விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அப்படியும் சர்க்கார், 'பஞ்சம்' என்ற சொல்லைச் சட்டப்படி பிரகடனம் செய்யவில்லை. சொன்னால் சோறு போட வேண்டுமே!

1943 ஆகஸ்டில் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை, தெருவில் மடிந்து கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டது. நாராயணன் வங்காளத்துக் கிராமங்களுக்கே போனார். பார்த்ததை எழுதினார். 1944-இல் அவருடைய 'வங்காளத்தின் மேல் பஞ்சம்' என்ற இங்கிலீஷ் புத்தகம் வெளியாயிற்று. மறுவருஷம் சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் மாண்டவர்கள் சுமார் 15 லட்சம் என்றது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் பலர் சுமார் 30 லட்சம் என்கிறார்கள். இரண்டு கணக்குக்கும் இடையில் 15 லட்சம் மனிதர்கள் நிற்கிறார்கள். பிற்பாடு நாராயணன் ஐக்கிய நாடுகள் சபையின் உத்தியோகத்தில் சேர்ந்தார்.

எண்ணூர் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கிறது. ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மற்றொரு பக்கம் சேற்றில் இறங்கி இறால் தடவும் மனிதர்கள். இதே ஆற்றுக்குத்தான் திருவள்ளூருக்கு அருகில் பூண்டியில் அணை கட்டினார்கள். 1940-இல் தொடங்கி 1944-இல் முடித்தார்கள். யுத்தம் நடந்த காலம் அது. அந்தத் திட்டத்துக்காக மேயராக இருந்து பாடுபட்ட சத்தியமூர்த்தி, அணை முடிவதற்கு முன்பே 1943 மார்ச்சில் காலமானார். ஏரிக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. யுத்தம் பற்றி எழுதியவர்களின் பெயரில் ஏரி எதுவும் இல்லை. அவர்கள் அதற்கு ஆசைப்பட்டவர்களும் அல்ல.

பழவேற்காடும் ஜாவாவும்

பொன்னேரி வந்தது. இங்கே இறங்கிக் கிழக்கே போனால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். நம் நெசவாளர்களின் துணியைக் கப்பலேற்றி ஜாவாவுக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். துணி மட்டுமா போயிற்று? பஞ்ச காலங்களில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்ட நம் ஜனங்களும் அதே கரையிலிருந்து பட்டேவியாவுக்குக் கப்பலேறினார்கள். கோட்டை இடிந்து மேடாகிவிட்டது. டச்சுக்காரரின் கல்லறைகள் மட்டும் சித்திர வேலைப்பாட்டுடன் இன்றும் நிற்கின்றன. அடிமைகளுக்குக் கல்லறை ஏது?

அந்த ஜாவாவுக்கே 1945-இல் இந்தியச் சிப்பாய்கள் அனுப்பப்பட்டார்கள். ஆகஸ்ட் 17-ந் தேதி இந்தோனேஷியர்கள் தங்கள் தேசம் சுதந்திரம் அடைந்துவிட்டதாகப் பிரகடனம் செய்திருந்தார்கள். டச்சு ஆட்சி திரும்ப வருவதற்கு வழிசெய்யும் காரியத்தில் பிரிட்டிஷார் நம் சிப்பாய்களை இறக்கினார்கள். நவம்பர் 10-ந் தேதி சுரபாயா நகரத்தில் பெரும் போர் மூண்டது. அடிமைத் தேசத்தின் சிப்பாய்கள், அடிமைத்தளையை அறுத்துக்கொண்ட மற்றொரு தேசத்தாரைச் சுட வேண்டியிருந்தது.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் தென்னிந்தியரான பி. ஆர். எஸ். மணி. இந்திய ராணுவத்தின் விளம்பரப் பகுதியில் காப்டனாக இருந்து, சிப்பாய்களைப் பற்றிச் செய்தி எழுதி அனுப்புவது அவர் வேலை. சுரபாயாவைப் பார்த்தபின் ராணுவ உடுப்பைக் கழற்றினார். பம்பாய் 'ப்ரீ பிரஸ் ஜர்னல்' பத்திரிகையின் நிருபராக இந்தோனேஷியாவுக்குத் திரும்பிப் போனார். இந்தத் தடவை நம் ஜனங்களுக்காக எழுதினார். அந்தப் புரட்சியின் சரித்திரத்தைப் பல வருஷங்களுக்குப் பிறகு புத்தகமாகவும் எழுதினார்.

இந்தத் தொழிலில் உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. முன்னாள் ராணுவச் செய்தியாளரான மலபார்க்காரர் கர்னல் உண்ணி நாயர், 1950 ஆகஸ்டு 12-ந் தேதி கொரியாவில் கண்ணிவெடிக்குப் பலியானார். அப்போது அவர் ஐக்கிய நாடுகள் சபைக் கமிஷனில் இந்தியப் பிரதிநிதியாக இருந்தார். கூடவே லண்டன் பத்திரிகைகளின் நிருபர்கள் இருவரும் மாண்டார்கள்.

தேநீர்க் கடை

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே வந்தால், இரும்பு உருக்கும் வாசனை மூக்கில் ஏறுகிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் தூரத்தில் தெரிகின்றன. பெயர்ப் பலகைகளில் தமிழும் இங்கிலீஷும். தேநீர்க் கடைகளில் ஹிந்தியும் ஒடியாவும் வங்காளியும். லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன.

முகாம் 1990-இல் ஏற்பட்டது. தமிழ்நாட்டிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் பெரியவற்றில் ஒன்று. 2021-இல் சர்க்கார் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. வெளியார் உள்ளே போக உத்தரவு வேண்டும். ஆகையால் பெரியவர், மகனுடன் வெளியே தேநீர்க் கடைக்கு வந்து காத்திருந்தார். எண்பது வயதிருக்கும். சலவை வேஷ்டி, சட்டைப் பையில் ஒரு பேனா.

"வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார். எழுபது வயதில் என்னைத் 'தம்பி' என்று அழைக்க ஒருவர் கிடைத்தது எனக்கு உற்சாகமாக இருந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். 2006-இல் மறுபடி யுத்தம் மூண்டபோது படகில் தனுஷ்கோடிக் கரைக்கு வந்து, மண்டபம் வழியாக இங்கே அனுப்பப்பட்டவர். செய்தி கேட்கும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"தொண்ணூறில யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நிண்டு போச்சுது, தம்பி. பற்றரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, ஒரு பொடியன் பெடலைச் சுத்த, அந்த டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள். தமிழோசை முடியுமட்டும் சுத்த வேணும். சுத்துற பொடியனுக்குக் கை நோ. எங்களுக்கு மனம் நோ."

பி.பி.சி. தமிழோசை, 1941-இல் உலக யுத்தத்தின் நடுவே தொடங்கிய ஒலிபரப்பு. அதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்தவர் மயில்வாகனம் நிமலராஜன். அந்தப் பெயரைச் சொன்னதும் பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

2000-ஆம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி இரவு. ஊரடங்கு அமலில் இருந்த யாழ்ப்பாணத்தில், தம் வீட்டு அறையில் எழுதிக்கொண்டிருந்த நிமலராஜனை ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். வீட்டில் குண்டும் வீசினார்கள், பெற்றோரும் காயமடைந்தார்கள். அந்த மாதம் நடந்த தேர்தலில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அவர் எழுதியிருந்தார். இருபது வருஷங்கள் கடந்தும் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

"செய்தி சொல்லுற குரலையே செய்தியாக்கிப் போட்டாங்கள்" என்றார் பெரியவர். சற்று நேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்: "ரெண்டாயிரத்து ஒன்பதில நீங்கள் பேப்பரிலதானே இருந்தனீங்கள்? எங்கட செய்தி போட்டனீங்களோ?"

நான் எதிர்பார்த்திராத கேள்வி அது. பொய் சொல்ல மனம் வரவில்லை. போட்டோம், ஆனால் பல இரவுகளில் இடமில்லாமல் ஐந்து வரியாகச் சுருக்கினோம் என்று சொன்னேன். சுருக்கிய கை என்னுடையதுதான் என்பதையும் சொன்னேன்.

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"அஞ்சு வரியெண்டாலும் பரவாயில்லை. ஊர்ப் பெயரைச் சரியாய்ப் போட்டனீங்களோ? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

அவர் பிறகு சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அவருடைய தங்கை வன்னியில் இருந்தாள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் இதே போன்ற ஒரு தேநீர்க் கடையில் ஒரு பத்திரிகையைப் பார்த்தார். முள்ளியவளையில் ஷெல் விழுந்து ஜனங்கள் மாண்டதாகப் போட்டிருந்தது. முள்ளியவளையும் முல்லைத்தீவு ஜில்லாவில் உள்ள ஊர்தான். ஆனால் வேறு ஊர்.

"தங்கச்சி அங்க இல்லைத்தானே எண்டு ரெண்டு நாள் நிம்மதியாய்ச் சாப்பிட்டன், தம்பி. மூண்டாம் நாள் ஆள் சொல்லித்தான் தெரியும். பேப்பரில பெயர் மாறிப் போச்சுது. அந்த ரெண்டு நாள் சாப்பிட்டது இண்டைக்கும் செமிக்கேல்லை."

எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதே உண்மை. அந்த மே மாதத்தில், நடு இரவில், அச்சுக்கு நேரமாகிவிட்டது என்று கத்தல் கேட்கையில், 'முள்ளி' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்கள் என் பேனாவின் கீழ் எத்தனை தடவை ஓடியிருக்கும்! நான் அவ்வூர்களைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அந்த யுத்தத்தின் கடைசி மாதங்களில் சுயேச்சையான நிருபர்களை இலங்கை சர்க்கார் போர்ப் பிரதேசத்துக்குள் விடவில்லை. மாண்ட பொது ஜனங்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2011-இல் கூறிற்று. வங்காளத்தைப் போலவே இங்கும் கணக்கு இன்றுவரை தர்க்கத்தில் இருக்கிறது. பார்த்தவன் எழுதாத இடத்தில், எண்ணிக்கையும் பேரம் பேசும் சரக்காகிவிடுகிறது.

விடை பெறும்போது பெரியவர் சொன்னார்: "நீங்கள் குறை நினையாதையுங்கோ. நீங்கள் போகேல்லை, போகவும் விட்டிருக்க மாட்டாங்கள். ஆனால் எழுதுற பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. செத்தவரின்ர பெயர் தெரியாட்டிலும், செத்த ஊரின்ர பெயரைப் பிழைக்க விடாதையுங்கோ எண்டு."

திரும்பும் வழியில்

சாயங்கால ரயிலில் ஆலைத் தொழிலாளர் கூட்டம். என் எதிரே இளைஞர் ஒருவர் கையில் சோற்றுப் பாத்திரத்துடன் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் எந்த ஊர் என்று கேட்டேன். வங்காளம் என்றார். எண்பது வருஷங்களுக்கு முன்பு நாராயணன் நடந்த கிராமங்களின் பேரர்கள், அதே இருப்புப் பாதையில் இறங்கி வந்து, இங்கே இரும்பு உருக்குகிறார்கள். மிதுனபுரி ஜில்லாவா என்று கேட்டேன். அவர் கண்கள் விரிந்தன. ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தம் கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

எனக்குச் சரியாக விளங்கவில்லை. பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் வங்காள எழுத்தில் எழுதினார். நான் அதன் பக்கத்தில் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். இரண்டாம் தடவையும் மறுத்தார். மூன்றாம் தடவை வாசித்தபோது, "டீக்" என்று சிரித்தார்.

முப்பது வருஷத்தில் ஓர் ஊர்ப் பெயருக்காக நான் அவ்வளவு நேரம் செலவிட்டதில்லை. ரயில் எண்ணூர்ப் பாலத்தைத் தாண்டும்போது, அதை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.